உங்களுக்குத் தெரியுமா? மூங்கில்துறைப்பட்டிலிருந்து மலையேறுகிறவர்களுக்கு

★ மூங்கில்துறைப்பட்டில் வண்டி பிடித்து, சங்கராபுரம், கள்ளக்குறிச்சி வழியாகக் கல்வராயன் மலைக்குப் போகும் குடும்பம், ஒரு சர்க்கரை ஆலையில் கிளம்பி இன்னொரு சர்க்கரை ஆலை இருக்கும் ஊர் வழியாகத்தான் மலையடிவாரம் சேரும். கள்ளக்குறிச்சி–1 கூட்டுறவு சர்க்கரை ஆலை இருப்பது மூங்கில்துறைப்பட்டில், கள்ளக்குறிச்சி–2 கச்சிராயபாளையத்தில். அரவைப் பருவம் என்றால் கரும்பு ஏற்றிய டிராக்டர்களுக்குப் பின்னால் ஊர்ந்துதான் போக வேண்டும். அரைமணி முன்னாடியே கிளம்பிவிடுங்கள்.

★ ஒரே மலையில் பெய்யும் மழை இரண்டு ஆறுகளுக்குப் பிரிகிறது. கல்வராயனின் வடசரிவுத் தண்ணீர் தென்பெண்ணைக்குப் போய்க் கடலூர் அருகே கடலில் சேரும். தென்சரிவில் இறங்குவது கோமுகி, மணிமுத்தாறு, வசிஷ்ட நதி எனப் பிரிந்து, வெள்ளாற்றில் கூடி, பரங்கிப்பேட்டையில் கடல் பார்க்கும்.

★ தமிழ்நாட்டில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது 1948-இல். கல்வராயன் மலையில் ஜாகிர்தார்களின் ஆட்சி முடிந்ததோ 1976-இல், நெருக்கடி நிலைக் காலத்தில்! சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என மூன்று ஜாகிர்கள். கிருஷ்ணதேவராயர் கொடுத்த உரிமை என்பது மலைவழக்கு. சாலை, பள்ளி, ஆஸ்பத்திரி எல்லாம் இங்கே ஏன் இவ்வளவு பிந்தி வந்தன என்று கேட்பவர்கள் அந்த 28 ஆண்டு இடைவெளியையும் கணக்கில் வைக்க வேண்டும். அருவி பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் கேட்பதில்லை.

★ இங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் தமிழ் பேசுகிறவர்கள், கேரளத்துக்காரர்கள் அல்லர். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியதாக அவர்களே சொல்லும் கதை உண்டு.

★ மலைக்காட்டில் விளையும் சிறுதானியங்களில் சாமை நம் நாட்டுப் பயிர். குறிஞ்சி நிலத்து உணவு என்று நாம் பெருமைப்படும் தினையை முதன்முதலில் பயிராக்கியவர்கள் வட சீனத்து உழவர்கள், பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு. முருகனுக்குத் தேனும் தினைமாவும் படைக்கும்போது இது யாருக்கு நினைவு வரப்போகிறது!

★ வளைவுகளை எண்ணி மகிழும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால்: சீனாவின் தியான்மென் மலைச்சாலையில் 99 வளைவுகள், நம் கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். இந்தப் போட்டிக்குக் கல்வராயன் வராது. பஸ்ஸில் வாந்தி எடுக்கும் அத்தைக்கு நல்ல செய்தி.

★ ஊட்டிக் குளிரை எதிர்பார்க்காதீர்கள். ஊட்டி 7,000 அடிக்கு மேல். கல்வராயனின் பெரும்பகுதி 2,000 முதல் 3,000 அடிதான். பெரியார் அருவி சாலையோரமே இருப்பதால் பாட்டியும் பார்க்கலாம். மேகம் அருவிக்கு நடக்கத் தெம்பு வேண்டும். இரண்டுக்கும் வடகிழக்குப் பருவமழை பெய்திருக்க வேண்டும். சித்திரையில் போய்ப் பாறையைப் பார்த்துவிட்டு அரசாங்கத்தைத் திட்டிப் பயனில்லை.

★ மலைச்சரிவெங்கும் பச்சைக் கைவிரல் விரித்து நிற்பது மரவள்ளி. கிழங்கு லாரியேறி சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும். அந்தச் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2023-இல்.