கடலுக்கு முன்னால் மூன்று படி

அலையோரம் ஓர் அறை – 9

கொமரலிங்கத்திலிருந்து எந்தத் திசையில் போனாலும் கடல் வெகுதூரம். அமராவதி வாய்க்கால் பாயும் நெல்வயல், தென்னந்தோப்பு, விடிகாலையில் ஆள் ஏற்றிப்போகும் கம்பெனி வண்டி என்று இருக்கும் ஊர் இது. இங்கிருந்து கடல் பார்க்கக் கிளம்பும் குடும்பங்களுக்கு வாகான ஊர் திருச்செந்தூர். பாலக்காட்டில் புறப்படும் திருச்செந்தூர் ரயில் பொள்ளாச்சி, உடுமலை, பழநி, திண்டுக்கல், மதுரை, திருநெல்வேலி என்று வளைந்து போகிறது. காலையில் உடுமலைப்பேட்டையில் ஏறினால் பிற்பகலில் முருகனும் கடலும் ஒரே இடத்தில் கிடைத்துவிடும்.

அதற்குத் தோதான காலமும் உண்டு. திருப்பூர் பனியன் கம்பெனிகள் தீபாவளிக்கு போனஸ் கொடுத்துச் சில நாள் கதவைச் சாத்துகின்றன. தீபாவளி அமாவாசைக்கு மறுநாளே கந்த சஷ்டி தொடங்கி ஆறாம் நாள் சூரசம்ஹாரம். கையில் காசும் விடுமுறையும் சேர்ந்து வரும் அந்த வாரத்தில்தான் திருச்செந்தூர் லாட்ஜ்களில் அறை கிடைப்பது கஷ்டம். கிடைக்கும் அறையும் வழக்கமான வாடகைக்குக் கிடைக்காது. அந்த நெருக்கடியில் முட்டிவலிக்காரப் பாட்டியையோ, சின்ன வயதில் போலியோ வந்த சித்தப்பாவையோ, சக்கர நாற்காலியில் இருக்கும் மகளையோ கூட்டிக்கொண்டு போகும் குடும்பம் என்ன செய்கிறது?

முதலில் போன் செய்கிறது. கடற்கரை ஊர்களின் சிறிய லாட்ஜ்களில் அந்தப் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்.

“லிஃப்ட் இருக்குங்களா?”

“இருக்கு சார்.”

“வாசல்ல படி இருக்குங்களா? எங்க பொண்ணு வீல் சேர்ல வருதுங்க.”

“மூணே படிதான் சார். நம்ம பையங்க தூக்கிருவாங்க, கவலைப்படாம வாங்க.”

இந்தப் பதிலில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. பையன்கள் உண்மையிலேயே ஓடி வந்து தூக்குவார்கள். ஆனால் நாற்காலியோடு ஒருவரைப் படியேற்றுவது பழகிய கைகள் செய்ய வேண்டிய வேலை. எந்த இடத்தில் பிடிப்பது, எந்தப் பக்கம் சாய்ப்பது என்று தெரியாமல் கைப்பிடியையோ காலடிப் பலகையையோ பிடித்துத் தூக்கினால் அது கையோடு கழன்று வந்துவிடும். அதைவிடப் பெரிய சங்கடம் வேறு. வளர்ந்த ஒரு பெண்ணை முன்பின் தெரியாத இரண்டு ஆண்கள் ஒவ்வொரு முறை வெளியே போகும்போதும் வரும்போதும் தூக்க வேண்டும். காலையில் கடல், பகலில் சாப்பாடு, சாயங்காலம் கோயில் என்று போனால் ஒரு நாளைக்கு ஆறு முறை. மூன்றாவது முறையிலேயே அந்தப் பெண், “நீங்க போயிட்டு வாங்க, நான் ரூம்லயே இருக்கேன்” என்று சொல்லிவிடுவார். கடல் பார்க்கவென்று முந்நூறு கிலோமீட்டருக்கும் மேல் வந்தவருக்கு டி.வி.தான் மிச்சம்.

மலை ஏற முடிகிறது

கொமரலிங்கத்துக்காரர்களுக்கு இது புதிராகத் தோன்றினால் அதற்குக் காரணம் உண்டு. பக்கத்து ஊரான பழநியில் 693 படி உள்ள மலைக்கே வழி செய்துவிட்டார்கள். 1966இல் விஞ்ச் வந்தது. 2004இல் ரோப் கார் வந்தது. நடக்க முடியாதவர்களும் தண்டாயுதபாணியைப் பார்க்க முடிய வேண்டும் என்ற எண்ணம் அங்கே இயந்திரமாக மாறி அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. மலைக்குச் செய்ய முடிந்தது கடலோர லாட்ஜின் மூன்று படிக்குச் செய்யப்படாமல் இருக்கிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 11.79 லட்சம் பேர். அதே கணக்கில் மாநில மக்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபது வயதைத் தாண்டியவர்கள். முதியோரின் பங்கு அதன்பின் ஏறிக்கொண்டேதான் வருகிறது. கோயிலும் கடலும் சேர்ந்த ஊர்களுக்கு வரும் கூட்டத்தில் தாத்தா பாட்டி இல்லாத குடும்பம் குறைவு. ஆக, இது யாரோ சிலருக்கான சலுகை என்று ஒதுக்கக்கூடிய விஷயமே இல்லை. அந்த ஊர் லாட்ஜ்களின் அன்றாட வாடிக்கையாளர்களைப் பற்றிய பேச்சு இது.

அங்குலத்தில் இருக்கிறது விஷயம்

பனியன் கம்பெனியில் செக்கிங் பார்ப்பவருக்கு அளவின் அருமை தெரியும். சார்ட்டில் உள்ள அளவிலிருந்து அரை அங்குலம் தவறினால் பீஸ் தள்ளுபடி. லாட்ஜ் அறையும் அப்படித்தான்.

பெரியவர்கள் பயன்படுத்தும் சாதாரண சக்கர நாற்காலியின் வெளி அகலம் 24 முதல் 26 அங்குலம். சிக்கன லாட்ஜ்களின் பாத்ரூமுக்கு வழக்கமாகப் போடுவது இரண்டேகால் அடி, மிஞ்சினால் இரண்டரை அடிக் கதவு. இரண்டேகால் அடி என்பது 27 அங்குலம். நிலையும் திறந்து நிற்கும் கதவின் தடிமனும் போக மிஞ்சும் இடைவெளியில் நாற்காலி சிக்கும். சக்கரத்தைத் தள்ளும் கைக்கு இடமே இருக்காது. மத்திய அரசின் அணுகல் வழிகாட்டு நெறிகள் கேட்பது 900 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய மூன்றடித் திறப்பு. கட்டும்போது கூடுதலாக முக்கால் அடி விட்டிருந்தால் போதும். கட்டி முடித்தபின் சுவரை உடைக்க வேண்டும்.

உள்ளே போனால் அடுத்த கணக்கு. நாற்காலி ஒரு வட்டம் திரும்ப ஐந்தடி இடம் வேண்டும். நாலடிக்கு ஆறடி பாத்ரூமில் அது நடக்காது. தண்ணீர் அறைக்குள் வராமலிருக்க வாசலில் கட்டிய இரண்டு மூன்று அங்குலத் தடுப்பு வேறு குறுக்கே நிற்கும். வழவழப்பான டைல்ஸில் சோப்புத் தண்ணீர் பட்டால் ஊன்றுகோல் வழுக்கும். வெஸ்டர்ன் கழிப்பறை இருக்கிறது என்று போனில் சொன்னது உண்மையாகவே இருக்கும். ஆனால் பக்கத்தில் பிடித்து எழ ஒரு கம்பி இருக்காது. பாட்டி குழாயைப் பிடித்து எழுவார், குழாய் ஆடும்.

வாசல் படிக்கும் கணக்கு உண்டு. ஓர் அங்குலம் உயர பன்னிரண்டு அங்குலம் நீளம் என்பது சாய்தளத்துக்கான விதி. ஆறு அங்குலப் படி மூன்று என்றால் உயரம் ஒன்றரை அடி. அதற்குப் பதினெட்டு அடி நீளச் சாய்தளம் வேண்டும். நாலடிப் பலகையைப் படிமேல் சாய்த்துவிட்டு “ராம்ப் இருக்கு” என்று சொல்லும் இடங்கள் இருக்கின்றன. அந்தச் செங்குத்தில் நாற்காலி பின்பக்கமாகக் கவிழும். முன்வாசலில் பதினெட்டு அடி இல்லாத கட்டடங்களில் பல நேரம் வண்டி நிறுத்தும் பக்கத்திலோ பின்கட்டிலோ இடம் இருக்கும். யாரும் அளந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

சட்டம் எழுதப்பட்டாயிற்று

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் நிறைவேறி 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பொதுமக்கள் வந்துபோகும் கட்டடம் தனியாருடையதாக இருந்தாலும் அது பொதுக் கட்டடமே என்கிறது அந்தச் சட்டம். ஓய்வுக்கும் பொழுதுபோக்குக்கும் வணிகத்துக்கும் உள்ள இடங்கள் இதில் அடங்கும். ஏற்கெனவே உள்ள கட்டடங்களைச் சரிசெய்ய, விதிகள் வெளியான நாளிலிருந்து ஐந்தாண்டு அவகாசம் தரப்பட்டது. விதிகள் வந்தது 2017 ஜூனில். அவகாசம் 2022 ஜூனில் முடிந்துவிட்டது. சட்டத்தை மீறினால் முதல்முறை பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், மறுபடி மீறினால் ஐம்பதாயிரம் முதல் ஐந்து லட்சம் வரை.

பார்வைத்திறன் குறைந்தவரான ராஜீவ் ரதூரி பொது இடங்களின் அணுகல் பற்றி உச்ச நீதிமன்றத்துக்குப் போனது 2005இல். அந்த வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று வந்த தீர்ப்பு முக்கியமானது. அணுகல் விதிகளை வெறும் பரிந்துரைகளாக வைத்திருந்த 15ஆம் விதி சட்டத்தின் நோக்கத்துக்கே முரணானது என்று நீதிமன்றம் சொன்னது. கட்டாயம் செய்ய வேண்டியவை எவை, படிப்படியாகச் செய்யக்கூடியவை எவை என்று பிரித்து மூன்று மாதத்தில் விதி வகுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

பயணத்தில் நேரும் அவமதிப்பைப் பற்றியும் அதே நீதிமன்றம் பேசியிருக்கிறது. பெருமூளை வாதம் கொண்ட ஜீஜா கோஷ் 2012 பிப்ரவரியில் கொல்கத்தாவிலிருந்து கோவாவில் ஒரு மாநாட்டுக்குப் புறப்பட்டார். இருக்கையில் உட்கார்ந்தவரை ஸ்பைஸ்ஜெட் விமானத்திலிருந்து இறக்கிவிட்டார்கள். 2016 மே மாதம் அவருக்குப் பத்து லட்சம் ரூபாய் இழப்பீடு தரும்படி தீர்ப்பு வந்தது. அவருக்கு என்ன தேவை, என்ன முடியும் என்று அவரிடமே கேட்காமல் மற்றவர்கள் முடிவு செய்ததுதான் அங்கே நடந்த தவறு. லாட்ஜ் வரவேற்பு மேசையில் மகளைப் பற்றிய கேள்வியை அப்பாவிடம் கேட்பதும் அதே தவறின் சின்ன வடிவம்.

மெரினாவின் 263 மீட்டர்

அறையிலிருந்து வெளியே வந்தாலும் மணல் இருக்கிறது. நாற்காலியின் முன்சக்கரம் மணலில் புதைந்தால் அங்குலம் நகராது. சென்னையில் மாற்றுத்திறனாளி அமைப்புகள் பல ஆண்டுகள் கேட்டதன் பேரில், மெரினாவில் டிசம்பர் மாதத்தில் சில நாள்களுக்கு மட்டும் தற்காலிகப் பாதை போட்டு வந்தார்கள். வருடத்தில் சில நாள் கடல் போதுமா என்ற கேள்வி விடாமல் எழுந்தது. 2022 நவம்பர் 27 அன்று நிரந்தர மரப்பாதை திறக்கப்பட்டது. 263 மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், 1.14 கோடி ரூபாய் செலவு. அன்று முதல்முறையாக அலையைக் கிட்டத்தில் பார்த்தவர்களின் படங்கள் நாளிதழ்களில் வந்தன.

இரண்டு வாரம்கூட ஆகவில்லை. டிசம்பர் 9 நள்ளிரவையொட்டி மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்த மாண்டஸ் புயல், அலையோரமாக இருந்த பகுதியைச் சேதப்படுத்தியது. மாநகராட்சி மறுபடி சரிசெய்தது. கடலோரத்தில் எதைக் கட்டினாலும் பராமரிப்புக்கும் சேர்த்தே பணம் ஒதுக்க வேண்டும் என்பதை அந்தப் புயல் கற்பித்தது. லாட்ஜ்களுக்கும் இது பொருந்தும். உப்புக்காற்றில் சாதாரண இரும்புக் கைப்பிடி சீக்கிரமே துருவேறும். கடலோரத்தில் துருப்பிடிக்காத எஃகுதான் நிற்கும்.

கிரேக்க நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட கடற்கரைகளில் ‘சீட்ராக்’ என்ற ஏற்பாடு இருக்கிறது. சூரிய மின்சாரத்தில் தண்டவாளத்தின் மேல் நகரும் இருக்கை அது. நடக்க முடியாதவர் அதில் உட்கார்ந்து ரிமோட்டை அழுத்தினால் கடலுக்குள் இறக்கிவிட்டு, போதும் என்றபோது கரைக்குக் கொண்டுவரும். யாரும் தூக்க வேண்டியதில்லை.

வாடகையை ஏற்றாமல் செய்யக்கூடியவை

சிக்கன லாட்ஜ் நடத்துபவரின் கவலை நியாயமானது. குறைந்த வாடகையில் கரன்ட் பில், சம்பளம், வெள்ளையடிப்பு எல்லாம் போக மிஞ்சுவது கொஞ்சம். கட்டடம் முழுவதையும் இடித்துக் கட்ட யாரும் சொல்லவில்லை. தரைத்தளத்தில் ஓர் அறை போதும். அந்த அறையின் பாத்ரூம் கதவை அகலப்படுத்துவது, வாசல் தடுப்பை எடுத்துவிட்டுத் தரைச் சரிவைத் திருத்துவது, சொரசொரப்பான டைல்ஸ் ஒட்டுவது, சுவரில் இரண்டு கைப்பிடி பொருத்துவது, குளிக்க உறுதியான ஒரு நாற்காலி போடுவது, கையில் பிடிக்கும் ஷவர் வைப்பது. கொத்தனாருக்குச் சில நாள் வேலை. அந்த அறையைச் சஷ்டிக் கூட்டத்தில் முதலில் வந்தவருக்குக் கொடுத்துவிடாமல், தேவைப்படுவோருக்காகக் கடைசிவரை வைத்திருப்பதுதான் கடினமான பகுதி.

எல்லோரும் சக்கர நாற்காலியில் வருவதுமில்லை. பார்வையற்றவருக்கு அறை எண் தடவினால் தெரிய வேண்டும். ஹீட்டர் சுவிட்ச் எது, ஃபேன் சுவிட்ச் எது என்று முதல் நாளே ஒரு பையன் கையைப் பிடித்துக் காட்டினால் போதும். காது கேளாதவருக்கு இன்டர்காம் பயனில்லை, கதவைத் தட்டினாலும் கேட்காது. வாட்ஸ்அப் எண் ஒன்று கொடுத்துவிட்டால் டீ வேண்டுமா என்பதும், அறையைக் காலி செய்யும் நேரம் என்ன என்பதும் எழுத்தில் முடிந்துவிடும். தீப்பிடித்தால் அவரை எழுப்புவது யார் பொறுப்பு என்பது மட்டும் முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும்.

இதில் செலவே இல்லாத வேலை ஒன்று இருக்கிறது. அளவுகளைச் சொல்வது. அமெரிக்காவில் 2012 மார்ச்சிலிருந்து, முன்பதிவின்போதே அறையின் அணுகல் வசதிகளைப் போதிய விவரத்தோடு ஹோட்டல்கள் சொல்லியாக வேண்டும் என்பது விதி. தனக்கு அந்த அறை ஒத்துவருமா என்பதை வருபவரே முடிவு செய்துகொள்ள வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். இங்கே எந்த விதிக்கும் காத்திராமல் ஒரு மேனேஜர் இன்றைக்கே டேப்பை எடுத்து வாசல் படி எத்தனை, லிஃப்ட் கதவு எத்தனை அங்குலம், பாத்ரூம் கதவு எத்தனை, கட்டில் உயரம் எத்தனை என்று அளந்து நான்கு போட்டோவோடு போனில் வைத்துக்கொள்ளலாம். கேட்பவருக்கு அனுப்பலாம். “சார், எங்க பாத்ரூம் கதவு 25 அங்குலம்தான், உங்க வீல் சேர் போகாது” என்று உண்மையைச் சொல்லும் லாட்ஜ், அந்தக் குடும்பத்தின் ஒரு நாளையும் ஒரு அட்வான்ஸையும் காப்பாற்றுகிறது.

கிளம்புகிறவர்களும் இதைக் கேட்டுப் பெற வேண்டும். ‘வசதி இருக்கா’ என்று கேட்டால் ‘இருக்கு’ என்றுதான் பதில் வரும். படி எத்தனை, பாத்ரூம் கதவை டேப் வைத்து அளந்து சொல்ல முடியுமா, கரன்ட் போனால் லிஃப்டுக்கு ஜெனரேட்டர் உண்டா, கழிப்பறை ஓரம் கைப்பிடி இருக்கிறதா, லாட்ஜிலிருந்து கடற்கரை வரை வழியில் எத்தனை இடத்தில் படி வருகிறது. இந்த ஐந்துக்கும் எண்ணிலோ போட்டோவிலோ பதில் வந்தபின் அட்வான்ஸ் அனுப்பலாம். வீட்டுச் சக்கர நாற்காலியின் அகலத்தையும் புறப்படுமுன் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கும் உடன் செல்பவருக்கும் ரயில் கட்டணச் சலுகை இருக்கிறது. அதற்கான அட்டையை உடுமலைப்பேட்டையில் டிக்கெட் எடுக்கும் முன்பே வாங்கி வைப்பது நல்லது.

அடுத்த வாரம் கன்னியாகுமரி. விவேகானந்தர் பாறையையும் திருவள்ளுவர் சிலையையும் இணைத்து 2024 டிசம்பரில் 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் திறந்தாயிற்று. அந்தப் பாலத்துக்குப் போய்ச்சேர முதலில் படகில் ஏற வேண்டும். படகுத்துறைப் படிகளையும், சூரியோதயம் பார்க்க மாடியறை தரும் லாட்ஜ்களையும் பார்க்கலாம்.

(தொடரும்)