தாத்தாவின் துவக்கைப் பேரன் தொடலாமா?

கலஹா, தெல்தோட்டை, பன்வில பக்கம் காட்டுப்பன்றித் தொல்லை உள்ள வீடுகளில் ஒரே கதைதான் திரும்பத் திரும்ப நடக்கிறது. அனுமதிப்பத்திரம் வைத்திருந்த தாத்தா இறந்துவிடுகிறார். முப்பத்தோராம் நாள் காரியமும் முடிகிறது. துவக்கு மட்டும் பரணில் கிடக்கிறது. ஒரு நாள் பதினேழு வயதுப் பேரன் அதைத் துடைத்து எண்ணெய் போட்டு, மரக்கறித் தோட்டக் காவலுக்குக் கிளம்புகிறான். "பொடியன் பெரிய ஆளாகிட்டான்" என்று வீட்டாருக்குப் பெருமை வேறு!

இலங்கையில் 21 வயது ஆகாதவருக்கு ஒரு சிகரெட் விற்பதே குற்றம். பராய வயது 1989இல் 18 ஆகக் குறைக்கப்பட்டது உண்மைதான். அதற்காக 18ஆவது பிறந்தநாளோடு துவக்கும் கைக்கு வந்துவிடாது. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க சுடுகலன்கள் கட்டளைச் சட்டப்படி அனுமதி குறிப்பிட்ட ஆளின் பெயருக்குத்தான். அதையும் வருடா வருடம் டிசம்பர் 31க்குள் புதுப்பிக்க வேண்டும். இறந்தவரின் பத்திரத்தை வைத்துக்கொண்டு பேரன் சுட்டால், அது அனுமதியில்லாத துவக்குதான்.

ஆகவே மரணச் சான்றிதழ் கைக்கு வந்ததும் கிராம உத்தியோகத்தரிடமும் பொலிஸ் நிலையத்திலும் அறிவியுங்கள். துவக்கைச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுபோகாதீர்கள். வழியில் பிடிபட்டால் "ஒப்படைக்கத்தான் கொண்டுபோனேன்" என்பதை யார் நம்புவது? முதலில் தகவல், பிறகு அவர்கள் சொல்லும் விதத்தில் ஒப்படைப்பு. துவக்கின் இலக்கம், திகதி, அதிகாரியின் கையொப்பம் மூன்றும் உள்ள பற்றுச்சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.

பயிர்க் காவலுக்கான துவக்கு என்றால் அடுத்த படி கண்டி மாவட்டச் செயலகம், அதாவது நம் கச்சேரி. (தற்பாதுகாப்புத் துவக்குகள் பாதுகாப்பு அமைச்சின் பொறுப்பு.) மரணச் சான்றிதழ், பழைய அனுமதிப்பத்திரம், உறவைக் காட்டும் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, காணிப் பத்திரம், பொலிஸ் பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் பிரதியோடு கொண்டுபோங்கள். தோட்டக் காணிக்கு உறுதி இருக்காது. நிர்வாகத்திடம் கடிதம் கேளுங்கள். "நாளைக்கு வாங்க" என்று அலைக்கழிப்பதும், சிங்களப் படிவத்தை நீட்டிவிட்டு முகத்தைத் திருப்புவதும் சில மேசைகளில் வழக்கமாகிவிட்டது. தமிழில் விண்ணப்பிப்பதும் தமிழில் பதில் பெறுவதும் உங்கள் உரிமை. கோப்பு நகராவிட்டால் 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்ற முடிவைச் சொல்லியாக வேண்டும்.

அனுமதியே இல்லாத இடியன் துவக்கு வீட்டில் இருந்தால்? தேயிலைச் செடிக்குள் ஒளிக்காதீர்கள். கண்டி சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்தில் விசாரித்துவிட்டு அடுத்த அடி வையுங்கள்.

கம்பி தட்டினால் வெடிக்கும் கட்டுத்துவக்கு இதைவிட மோசம். எந்த வயதிலும் அதற்கு அனுமதி கிடையாது. பன்றிக்குக் கட்டிய கம்பியில் விறகு பொறுக்கப் போகிறவரின் கால் சிக்குகிறது. சன்னம் முழங்காலுக்குக் கீழே பாய்கிறது. அடிபட்டவரை நடக்க விடாமல், துணியால் இறுக்கி அழுத்தி இரத்தத்தை நிறுத்தி 1990 அம்பியூலன்ஸை அழையுங்கள். கட்டியவன் "சின்னப் பையன்தானே" என்று பெற்றோர் கெஞ்சுவதும் எடுபடாது. தண்டனைச் சட்டக்கோவையின் 2018 திருத்தப்படி 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு மட்டுமே முழு விலக்கு. 12க்கும் 14க்கும் இடையில் நீதவான் முடிவெடுப்பார்.

மறுபடியும் சொல்கிறேன்: தாத்தாவின் அனுமதி தாத்தாவோடு முடிந்தது. பேரன் அதை எடுப்பதற்கு முன் பொலிஸுக்குச் சொல்லிவிடுங்கள்.