பகல் வானில் சோடிய ஒளி

பகற்பொழுதில் நட்சத்திரங்கள் எங்கும் சென்றுவிடுவதில்லை. சூரிய ஒளியின் மிகுதியால் அவை நமக்குப் புலப்படுவதில்லை. வானத்தை ஆராயும் விஞ்ஞானிகளுக்கும் இவ்விடர் உண்டு.

நிலத்தினின்றும் ஏறத்தாழ 80 முதல் 105 கிலோமீட்டர் உயரத்தில், எரிந்து தேயும் விண்கற்கள் விட்டுச்சென்ற சோடிய அணுக்கள் மெல்லிய படலமாகப் பரவியுள்ளன. பலூன் எட்டாத, செயற்கைக்கோள் நிலைத்துச் சுற்றவியலாத உயரம் அது. கீழிருந்து மஞ்சள் லேசர் கதிரைச் செலுத்தினால் அவ்வணுக்கள் அதனை ஏற்று ஒளிரும். அவ்வொளியைக் கொண்டு அங்குள்ள உஷ்ணத்தை அளக்கலாம். ஆயின் திரும்பி வருவது மிகச் சொற்பம். பொழுது விடிந்ததும் வான்வெளிச்சம் அதனை மூழ்கடித்துவிடும். சூரிய வெப்பத்தால் அங்கு எழும் ஏற்றத்தாழ்வுகளோ 24 மணி நேரச் சுற்றுடையவை. இரவுக் கணக்கை மட்டும் வைத்து நாள்முழுவதன் இருப்பை எங்ஙனம் கூறுவது?

வண்ணக் கண்ணாடி போதாதோ எனில், போதாது. முன்பு நாம் நாள்தோறும் கண்ட கைகாட்டி விளக்கின் சிவப்புக் கண்ணாடி பலவகைச் சிவப்பையும் உள்ளே விடும். நுட்பமாகச் செய்த வடிகட்டியும் சுமார் 1 நானோமீட்டர் அகலத்துக்கு ஒளியை விடுகிறது. இங்கு வேண்டுவதோ, 589 நானோமீட்டர் அருகே அதனினும் நூறு மடங்குக்கு மேல் குறுகிய வழி.

அவ்வழியைச் சோடியமே அமைத்துத் தருகிறது. கண்ணாடிக் குழாயிலிட்ட சோடியத்தைச் சூடேற்றி ஆவியாக்கி, காந்தங்களினிடையே வைப்பர். ஒளியின் அதிர்வை ஒரு திசையில் மட்டும் விடும் தகடுகள் இரண்டை முன்னும் பின்னுமாக, ஒன்றுக்கொன்று குறுக்காகப் பொருத்துவர். முதற்றகடு விட்டதை இரண்டாவது தடுத்துவிடும். வேற்றூர்ச் சந்தை இரைச்சலில் ஒரு தமிழ்ச்சொல் கேட்டால் நாம் மட்டும் திரும்புவதில்லையா? அவ்வாறே, சோடியத்துக்குரிய ஒளியின் அதிர்வு மட்டும் அவ்வாவியில் திரும்பி, இரண்டாம் தகட்டையும் கடக்கிறது. பிற யாவும் நின்றுவிடும். காந்த வலிமையையும் ஆவியின் உஷ்ணத்தையும் மாற்றி, அவ்வழியைச் சற்றே நகர்த்தவும் அகலமாக்கவும் கூடும்.

காந்தம் ஒளியின் அதிர்வைத் திருப்பும் என 1845-இல் கண்டவர் மைக்கேல் பாரடே. 1956-இல் ஸ்வீடன் நாட்டு வானியலார் ஓமன் இத்தகைய ஆவி வடிகட்டியைச் சூரிய ஆராய்ச்சிக்கென முன்மொழிந்தார். 1996-இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தார், சோடிய வடிகட்டியின் துணையால் அவ்வுயரத்து உஷ்ணத்தைப் பகலிலேயே அளந்ததை வெளியிட்டனர்.

இதற்கும் எல்லை உண்டு. சோடியம் தன் ஒளிக்கு அருகே மட்டுமே பயன்படும். 780 நானோமீட்டருக்கு ருபீடியத்தையும், 852-க்குச் சீசியத்தையும் நாட வேண்டும். ஆயினும், பட்டப்பகலில் தொலைந்த ஒளியைத் தேடித் தர அதே இனத்து அணுவே துணையாவது வியப்பன்றோ!