வலி நீக்கும் கூட்டு மாத்திரைகள்

ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்தில், தமிழக, கர்நாடக எல்லைகளுக்கு அருகில் உள்ளது ராமகுப்பம். அங்கு வாழும் குடியானவர் ஒருவர் இடுப்பு வலிக்காகக் குப்பம் நகரில் ஒரு வைத்தியரையும், காய்ச்சலுக்காக வேறோர் ஊரில் மற்றொருவரையும் கண்டார் என்று கொள்வோம். முதலாமவர் அளித்த கூட்டு மாத்திரை ஒவ்வொன்றிலும் டிரமடால் 37.5 மில்லிகிராமும், பாரசிட்டமால் 325 மில்லிகிராமும் அடங்கியுள்ளன. நாளொன்றுக்கு எட்டு மாத்திரைகளே அதன் உச்ச வரம்பு. எட்டையும் உட்கொண்டால் பாரசிட்டமால் 2,600 மில்லிகிராம் ஆகிறது. காய்ச்சலுக்கென அளிக்கப்பட்ட 650 மில்லிகிராம் மாத்திரைகள் நான்கும் சேர்ந்தால் மொத்தம் 5,200. வயது வந்தோருக்குரிய வரம்போ 4,000. அதனை மீறினால் கல்லீரல் கெடும் அபாயம் உண்டு.

இரு மருந்துகளை இணைப்பதன் நோக்கம் நல்லதே. அவை வெவ்வேறு வழிகளில் வலியைத் தணிப்பதால், அபினி வகை மருந்து குறைந்த அளவே போதுமானதாகிறது. ஆயினும் வலி மிகும்போது ஒன்றை மட்டும் கூட்ட இயலாது; துணை மருந்தும் உடன் ஏறும். ஆகையால், புற்றுநோயின் கடும் வலிக்கு மார்பைனைத் தனியாகவும், பாரசிட்டமாலைத் தனியாகவும் அளந்து தருவதே உசிதமாகும்.

டிரமடால் பழக்கத்துக்கு அடிமையாக்க வல்லது. 2018-ஆம் ஆண்டு ஏப்ரலில் அது போதைப்பொருள் சட்டத்தின்கீழ்க் கொணரப்பட்டது. மதுவுடனோ, தூக்க மாத்திரையுடனோ சேர்ந்தால் அது மூச்சை மந்தமாக்கும்.

கள ஊழியரும் ஆசிரியரும் மருந்தை மாற்றுமாறு கூற வேண்டுவதில்லை. வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகள் அனைத்தையும் ஒருசேர வைத்தியரிடம் காட்டச் சொன்னாலே போதும். வணிகப் பெயர்கள் வேறாயினும், உள்ளிருப்பது ஒரே மருந்தாக இருக்கக்கூடும்.