பையனின் நுரையீரலில் அம்மாவின் செல்கள்

ஜப்பானில் 23 மாத ஆண் குழந்தை ஒன்றுக்கு இரண்டு வாரமாக இருமல். ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் இரண்டு நுரையீரலிலும் கட்டிகள். மருந்தைத் தேர்வு செய்வதற்காகக் கட்டியின் மரபணுக்களை ஆராய்ந்தார்கள். அதில் ஒய் குரோமோசோமே இல்லை! பையனின் உடம்பில் பெண்ணின் கட்டி. போதாக்குறைக்கு, கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரஸும் அதில் இருந்தது.

கர்ப்பகாலத்தில் அம்மாவுக்குச் செய்த செல் பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை. பிரசவமாகி மூன்று மாதம் கழித்துத்தான் கருப்பை வாயில் புற்றுநோய் தெரிந்தது. இரண்டு கட்டிகளையும் ஒப்பிட்டார்கள்; அம்மாவுடையதுதான் பிள்ளைக்குள்ளும் வளர்ந்திருந்தது.

எப்படிப் போயிற்று? நஞ்சுக்கொடியைத் தாண்டி ரத்தம் வழியே போயிருந்தால் மற்ற உறுப்புகளிலும் பரவியிருக்கும். இங்கே நுரையீரலில் மட்டும், மூச்சுக்குழல்களை ஒட்டியே கட்டிகள். சுகப்பிரசவத்தில் கருப்பை வாயைக் கடந்து வந்தபோது, உதிர்ந்த புற்றுச்செல்கள் கலந்த திரவத்தைக் குழந்தை உள்ளே இழுத்திருக்க வேண்டும் என்பது மருத்துவர்களின் கணிப்பு. எல்லோரும் காத்திருந்து கேட்கும் அந்த முதல் அழுகையோடு சேர்த்து.

இன்னொரு பையனுக்கு வயது 6. நெஞ்சுவலி என்று வந்தான். இடது நுரையீரலில் கட்டி, அதுவும் அம்மாவுடையது. கர்ப்பத்தின்போதே அவர் கருப்பை வாயில் ஒரு கட்டி தெரிந்திருந்தது. ஆனால் செல் பரிசோதனை சரியாக இருந்ததால் சுகப்பிரசவத்துக்கு விட்டிருந்தார்கள்.

பாதி அந்நியமான அந்தச் செல்களைக் குழந்தையின் நோயெதிர்ப்பு சக்தி ஏன் விட்டுவைத்தது என்பது வியப்புதான். அதைத் தட்டியெழுப்பும் நிவோலுமாப் மருந்தைக் கொடுத்ததும் சின்னவனின் கட்டிகள் சுருங்கின. பெரியவனுக்கு இடது நுரையீரலையே எடுக்க வேண்டியதாயிற்று.

தோக்கியோவின் தேசியப் புற்றுநோய் மைய மருத்துவர்கள் 2021இல் இதை வெளியிட்டார்கள். கருப்பை வாய்ப் புற்றுநோய் உள்ள கர்ப்பிணிகளுக்கு சிசேரியன் நல்லது என்பது அவர்கள் கருத்து. கர்ப்பிணிகள் பயந்துவிட வேண்டாம்: புற்றுநோயுள்ள தாயிடமிருந்து பிள்ளைக்கு நோய் தாவுவது 5 லட்சத்தில் ஒருவருக்கு என்றே மதிப்பிடுகிறார்கள்.

எனக்குக் கோபம் வந்தது வேறொரு விஷயத்தில். அந்த இரு கட்டிகளிலும் இருந்தவை எச்.பி.வி. 16, 18 வகைகள். தடுப்பூசி குறிவைப்பதும் முதலில் அவற்றைத்தான். பக்கவிளைவுப் பேச்சு கிளம்பியதும் 2013 ஜூனில் அந்த ஊசிக்கான பரிந்துரையை நிறுத்திய ஜப்பான் அரசு, 2022 ஏப்ரலில்தான் மறுபடி தொடங்கியது.