மருதத்திலிருந்து குறிஞ்சிக்கு

மருத மரத்தின் பெயரால் அமைந்த ஊர் திருவிடைமருதூர். அங்குள்ள மகாலிங்கசுவாமி கோயிலுக்கும் அம்மரமே தலமரம். கும்பகோணத்திற்கும் மயிலாடுதுறைக்கும் இடையில் உள்ள இவ்வூரில் நின்று எத்திசையில் நோக்கினும் மலை கண்ணுக்குப் புலப்படாது. கல்லணையைக் கடந்து கடலைச் சேரும்வரை காவிரி சராசரியாக ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூட இறங்குவதில்லை. மலையில்லாக் குறையை இந்நாட்டார் கட்டடக்கலையால் தீர்த்துக்கொண்டனர் எனலாம். கோச்செங்கணான் எழுப்பியவையாகக் கூறப்படும் மாடக்கோயில்கள் பல இப்பகுதியில் உள்ளன. அருகிலுள்ள சுவாமிமலையும் இயற்கை மலையன்று, கட்டுமலை. தமிழ் ஆண்டுகளின் பெயர் தாங்கிய அறுபது படிகளை ஏறினால் அதன் உச்சியை அடைந்துவிடலாம்.

இத்தகைய சமவெளியில் ஓடிப் பழகிய ஒருவர் மலைத்தட ஓட்டத்திற்குச் செல்லும்போது அவருடைய உடல் எவற்றையெல்லாம் எதிர்கொள்கிறது? எவ்வாறு அதற்கு ஆயத்தமாக வேண்டும்?

மலைத்தட ஓட்டம்

தார்ச்சாலையை விட்டு விலகி, ஒற்றையடிப் பாதை, காட்டுவழி, தோட்டப்பாதை ஆகியவற்றின் வழியே ஏறியும் இறங்கியும் ஓடுவதே மலைத்தட ஓட்டம். ஆங்கிலப் பெயரால் இதனை ‘டிரெயில் ரன்னிங்’ என்பர். மலையில் ஓடும் வழக்கம் புதியதன்று. ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் மலையில் 1895ஆம் ஆண்டு வில்லியம் ஸ்வான் என்பவர் அடிவாரத்திலிருந்து உச்சிவரை ஏறி, மீண்டும் 2 மணி 41 நிமிடத்தில் இறங்கிவந்தார். அம்மலையின் உயரம் 1,345 மீட்டர். பன்னாட்டுத் தடகளக் கூட்டமைப்பு தட ஓட்டத்தைத் தன் பிரிவுகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டதோ 2015ஆம் ஆண்டில்தான்.

இவ்வோட்டத்தில் பங்கேற்போருள் பெரும்பாலோர் தொழில்முறை வீரர் அல்லர். வார நாள்களில் வகுப்பறையிலோ வங்கியிலோ வயலிலோ பணிபுரிந்து, விடியற்காலையில் ஓட்டக் குழுவோடு சேர்ந்து பயிற்சி பெறுவோரே மிகுதி. தமிழ்நாட்டில் சென்னை ரன்னர்ஸ் போன்ற குழுக்கள் இவ்வாறு வளர்ந்தவை. பரிசு இவர்களது இலக்கன்று. குறித்த நேரத்திற்குள் எல்லைக்கோட்டை அடைவதே இலக்கு.

பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டத்தில் அமைந்த ஆரோவில்லில் 2008 முதல் செம்மண் தடத்தில் மாரத்தான் ஓட்டம் நடைபெற்று வருகிறது. அங்கு வெற்றியாளர் என எவரும் அறிவிக்கப்படுவதில்லை. மேடு பள்ளம் குறைவான அத்தடம் டெல்டாவிலிருந்து செல்வோருக்கு நல்ல முதற்படி. அடுத்த படி கடினமானது. கர்நாடகத்தின் சிக்கமகளூரு காப்பித் தோட்டங்களினூடே நடைபெறும் மல்நாடு அல்ட்ரா போன்ற ஓட்டங்களில் 50 கிலோமீட்டரும் அதற்கு மேலும் மலைச்சரிவுகளில் கடக்க வேண்டியிருக்கும்.

ஏற்றத்தின் விலை

சமவெளியில் ஒருவர் கிலோமீட்டரைக் கொண்டே தம் ஓட்டத்தை அளக்கிறார். மலையில் அவ்வளவை போதாது; ஏறிய உயரத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

ஆல்பெர்ட்டோ மினெட்டி தலைமையிலான ஆய்வாளர்கள் 2002ஆம் ஆண்டு வெளியிட்ட அளவீடுகள் இதனைத் தெளிவாக விளக்குகின்றன. சமதளத்தில் ஒரு மீட்டர் ஓடுவதற்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ 3.4 ஜூல் ஆற்றல் செலவாகிறது. 100 மீட்டருக்கு 45 மீட்டர் உயரும் ஏற்றத்தில் அச்செலவு ஏறத்தாழ 18.9 ஜூலாகிறது, அதாவது ஐந்து மடங்கிற்கும் மேல். எனவே செங்குத்தான ஏற்றங்களில் தேர்ந்த வீரரும் நடந்தே செல்கின்றனர். முழங்காலுக்கு மேல் கைகளை ஊன்றி, குறுகிய எட்டுகளில் நடப்பது அங்குச் சிக்கனமான முறை. முதன்முறை செல்லும் சமவெளியினர் நடப்பதை இழுக்காகக் கருதி முதல் ஏற்றத்திலேயே ஓடிக் களைத்துவிடுகின்றனர்.

தெரிந்து தெளிவோம்
மலைநடைக்கு ஆகும் நேரத்தைக் கணிக்க ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் எளிய விதியொன்றை வகுத்தார். ஏறத்தாழ 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்திற்கும் மேலும் ஒரு மணி நேரம். இதன்படி 1,200 மீட்டர் ஏற்றம் கொண்ட 30 கிலோமீட்டர் வழியை நடந்து கடக்க 8 மணி நேரம் ஆகும்.

இறக்கத்தின் ஏமாற்று

ஏற்றம் கடினம், இறக்கம் எளிது என்பது பொதுவான எண்ணம். ஆற்றல் கணக்கு இதற்கு இடமளிக்கிறது. மேற்கூறிய ஆய்வின்படி 20 விழுக்காட்டுச் சரிவில் இறங்கும்போது செலவாவது சமதளத்தில் ஆவதில் பாதியளவே. எனினும் தசைகளின் கணக்கு வேறு. இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே விசை செலுத்தி, உடலின் வேகத்தைத் தடுத்து நிறுத்துகிறது. இத்தகைய இயக்கமே தசைநார்களில் நுண்ணிய சிதைவுகளை மிகுதியாக உண்டாக்குகிறது. வலி அன்றைக்குத் தெரிவதில்லை. அடுத்த ஓரிரு நாள்களில் உச்சத்தை அடைந்து, மாடிப்படியில் இறங்கவும் கைப்பிடியை நாடச் செய்கிறது.

இதற்கான காப்பும் தசையிடமே உள்ளது. ஒருமுறை அளவாக இறங்கிப் பழகினால், அடுத்த சில வாரங்களுக்கு அதே அளவு இறக்கம் முன்போல் தசையைச் சிதைப்பதில்லை. ஆகவே போட்டிக்கு முன் ஒருமுறையேனும் இறங்கிப் பழகுவது இன்றியமையாதது. ஏறுவதற்கு மட்டும் பயிற்சி செய்து செல்பவர், மூச்சு எஞ்சியிருக்கும்போதே கால்களை இழக்கிறார்.

சமவெளியில் மலைப்பயிற்சி

சுவாமிமலையின் படியொன்று 15 சென்டிமீட்டர் உயரம் எனக் கொண்டால், அறுபது படிகள் சேர்ந்து 9 மீட்டர். 1,000 மீட்டர் ஏற்றத்தை அங்கே பெற நூற்றுப் பத்து முறைக்கு மேல் ஏறி இறங்க வேண்டும். வழிபடுவோர்க்கு உரிய படிகள் பயிற்சிக் களம் ஆகா என்பது ஒருபுறமிருக்க, இக்கணக்கு மலையின் பரிமாணத்தை உணர்த்தும். டெல்டாவின் ஓட்டக்காரருக்குக் கைகொடுப்பவை கொள்ளிடத்தின் உயர்ந்த வெள்ளக்கரைகளும் பாலங்களின் சரிவுகளுமே. கரைமேட்டில் ஏறுவதும் உடனே இறங்குவதுமாகப் பலமுறை செய்யும் பயிற்சி, சிறிதளவேனும் மலையின் தன்மையை உடலுக்கு அறிமுகப்படுத்தும்.

வேறொரு வகையில் இந்நிலம் மலைக்கு நிகரான ஆசானாகும். வயல் வரப்பு ஓரடி அகலமே உடையது. ஓரிடத்தில் இறுகியும் மற்றோரிடத்தில் நெகிழ்ந்தும் இருப்பது. நண்டு வளைகளால் துளைக்கப்பட்டது. அதன்மேல் நாற்றுக்கட்டைச் சுமந்து நடப்பவரின் கணுக்கால், ஒவ்வோர் அடியிலும் தன்னைத் தானே திருத்திக்கொள்கிறது. மலைத்தடத்தில் வேரும் கல்லும் கேட்பது இத்திறனையே. தார்ச்சாலையில் மட்டும் ஓடியவர்க்கு அது வாய்ப்பதில்லை. ஆற்றுமணலும் அத்தகையதே. மேட்டூர் அணை வழக்கமாக சனவரி 28இல் மூடப்பட்டு, சூன் 12இல் திறக்கப்படும். இடைப்பட்ட மாதங்களில் வறண்ட ஆற்றுப்படுகை வெளிப்படும். மணலில் புதையும் ஒவ்வோர் அடியும் கெண்டைக்காலை வலுவாக்கும்.

மலையின் வானிலை

டெல்டாவில் ஓடுபவர் அஞ்சுவது வெயிலுக்கு. மலையில் அஞ்ச வேண்டியது குளிருக்கும். பொதுவாக 1,000 மீட்டர் உயர்ந்தால் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை செல்சியசு குறையும். வியர்வையில் நனைந்த உடலின்மேல் மழையும் காற்றும் சேர்ந்தால் உடல் வெப்பம் விரைந்து வீழும்.

சீனாவின் கான்சு மாகாணத்தில் 2021 மே 22ஆம் நாள் 100 கிலோமீட்டர் மலை ஓட்டமொன்று நடைபெற்றது. 172 பேர் பங்கேற்றனர். நண்பகலில் உயரமான பகுதியில் திடீரெனக் கடுங்காற்றும் உறைமழையும் ஆலங்கட்டியும் சூழ்ந்தன. பலர் மெல்லிய அரைக்கை உடையோடு இருந்தனர். காற்றைத் தடுக்கும் மேலங்கி பரிந்துரைக்கப்பட்டிருந்ததேயன்றிக் கட்டாயமாக்கப்படவில்லை. வாகனம் செல்ல இயலாத அச்சரிவில் 21 பேர் உயிரிழந்தனர். அவ்வழியே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர், தாம் ஒதுங்கியிருந்த குகைக்கு ஆறு பேரை அழைத்துச் சென்று, தீ மூட்டிக் காப்பாற்றினார். நூறு கிராம் எடையுள்ள ஒரு மேலங்கியைச் சுமையெனக் கருதுவோர் இந்நிகழ்வை அறிந்திருத்தல் நலம்.

காடும் தனக்கென விதிகளை உடையது. தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச்சில் மலையேறச் சென்றோர் காட்டுத்தீயில் சிக்கி உயிரிழந்தபின், தமிழ்நாட்டின் காடுகளில் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகள் அதே ஆண்டில் வகுக்கப்பட்டன. வனத்துறையின் ஒப்புதலின்றிக் காப்புக்காட்டினுள் பயிற்சிக்காகவும் நுழைதல் கூடாது.

நீரும் உப்பும்

நெடுநேரம் ஓடுபவர் நீரருந்தாமல் இருப்பது தீது. தாகத்திற்கு மேல் அருந்துவதும் தீது. பாஸ்டன் மாரத்தானில் 2002ஆம் ஆண்டு ஓடியவர்களுள் 488 பேரின் குருதியை ஆராய்ந்தபோது, 13 விழுக்காட்டினரிடம் சோடியத்தின் அளவு இயல்பைவிடக் குறைந்திருந்தது. அளவுக்கு மீறி நீர் அருந்தியதே அதற்கு முதன்மைக் காரணம். தாகத்தையே அளவுகோலாகக் கொள்வது ஏற்றது. உப்பிட்ட நீராகாரம் குடித்து உழவுக்குச் சென்றோர் வாழ்ந்த மண்ணில் இது புதுச் செய்தியன்று.

இடைநிற்றல்

மலைத்தட ஓட்டங்களில் ஒவ்வொரு நிலையத்திற்கும் காலக்கெடு உண்டு. அக்கெடுவைக் கடந்து வருபவர் நிறுத்தப்படுவார். கணுக்கால் பிறழ்ந்தோ உடல் நடுங்கியோ வருபவர் தாமே நின்றுவிடலாம். வழியில் வீழ்ந்து கிடப்பவரைக் கண்டால் தம் நேரத்தைப் பொருட்படுத்தாமல் நின்று உதவுவது குழு ஓட்டக்காரரிடையே எழுதப்படாத மரபு. எழுதப்பட்ட விதி ஒன்றும் உண்டு: பாதியில் நிற்பவர் நிலையத்தில் தெரிவித்து, எண் அட்டையை ஒப்படைத்த பின்னரே வெளியேற வேண்டும். சொல்லாமல் வீடு திரும்பிவிட்ட ஒருவரைத் தேடி, இரவு முழுவதும் கைவிளக்குகளுடன் தன்னார்வலர் மலைச்சரிவில் ஏறி இறங்க நேரிடும்.