கச்சிதமான டூரிங் கயாக்: உடம்புக்கு அளவெடுத்துத் தேர்வது

டூரிங் கயாக் மேல்புறம் மூடிய படகு. ஓட்டுபவர் நடுவிலுள்ள துளைக்குள் காலை நீட்டி உட்கார்ந்து, இரு முனையிலும் அலகுள்ள துடுப்பை இடமும் வலமுமாக மாற்றிப் போட்டு முன்னே செல்வார். மேல்தட்டுக்கு அடியில், முன்னும் பின்னும், தண்ணீர், சாப்பாடு, மாற்றுத் துணி, கூடாரம் வைக்க அறைகள் இருக்கும். இந்த வகையில் 12 முதல் 14 அடி நீளமும் 22 முதல் 25 அங்குல அகலமும் உள்ளவை கச்சிதமானவை எனப்படும். ஏரிக்கரை விடுதிகளில் மணிக்கணக்கில் வாடகைக்குத் தரும் அகலமான 9, 10 அடிப் படகுக்கும், திறந்த கடலில் நாள்கணக்காகப் போகிற 16, 17 அடி கடல் கயாக்குக்கும் நடுவில் நிற்பது இது. ஒரு பகல் முழுக்க ஆற்றிலோ உப்பங்கழியிலோ சுற்றி வரவும், கரையை ஒட்டிப் போய் ஓரிரவு தங்கித் திரும்பவும் தாராளமாகப் போதும். வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் நீளத்தையும் விலையையும் பார்க்கிறார்கள். அதற்கு முன்னால் அளந்து பார்க்க வேண்டியவை தங்கள் எடையும் இடுப்பும் தொடையும் பாதமும்தான்.

கயாக்கை உருவாக்கியவர்கள் அப்படித்தான் செய்தார்கள். கிரீன்லாந்து முதல் அலாஸ்கா வரை பரவியிருந்த இனுயிட் மக்களும், அலூசியன் தீவுகளில் வாழ்ந்தவர்களும் கரை ஒதுங்கிய மரத்துண்டுகளால் சட்டம் கட்டி, அதன்மேல் சீல் போன்ற கடல் விலங்குகளின் தோலை இழுத்துத் தைத்துப் படகு செய்தார்கள். அளவுகோல் என்று தனியாக ஒன்று இல்லை. வேட்டைக்குப் போகிறவனின் உடம்பே அளவுகோல். இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்தால் வரும் நீளத்தைப் போல மூன்று மடங்கு படகின் நீளம். இடுப்பகலத்தோடு இரண்டு கைமுட்டிகளைச் சேர்த்தால் படகின் அகலம். கட்டை விரலை நீட்டிய கைமுட்டியின் உயரமே உட்காருமிடத்தின் ஆழம். ஐந்தே முக்கால் அடி உயரமுள்ள ஒருவருக்கு இந்தக் கணக்கில் ஏறத்தாழ 17 அடிப் படகு கிடைக்கும். இடத்துக்கு இடம் கணக்கு சற்று மாறினாலும், ஒருவனுக்காகக் கட்டிய படகு இன்னொருவனுக்குச் சரியாகப் பொருந்தாது என்பது மாறவில்லை. இன்றைய தொழிற்சாலை ஒரே அச்சில் ஆயிரக்கணக்கான படகுகளை வார்க்கிறது. அளவெடுக்கும் வேலை இப்போது வாங்குபவரின் தலையில் விழுந்திருக்கிறது.

கச்சிதம் என்ற தேவையும் புதியதல்ல. ஐரோப்பாவில் படகுப் பயணத்தைப் பொழுதுபோக்காகப் பரப்பிய ஜான் மெக்ரெகர், லண்டனில் வாழ்ந்த ஸ்காட்லாந்து வழக்கறிஞர். 1865-இல் அவர் ஐரோப்பிய ஆறுகளைச் சுற்றிவந்த ‘ராப் ராய்’ படகு 15 அடி நீளம், 80 பவுண்டு எடை. அந்த நீளத்துக்கு அவர் சொன்ன காரணம் ஜெர்மானிய ரயில் வண்டிக்குள் அது அடங்க வேண்டும் என்பது. இன்று ரயில் பெட்டியின் இடத்தில் கார் கூரையும் அடுக்குமாடி வீட்டின் படிக்கட்டும் வந்து நிற்கின்றன.

நீளம் குறைந்தால் வேகம் குறையும் என்று பொதுவாகச் சொல்வார்கள். இது பாதி உண்மை. இங்கிலாந்தின் டார்க்கீ நகரில் 1870-களில் நீர்த்தொட்டி அமைத்து, அதில் மாதிரிக் கப்பல்களை இழுத்துச் சோதித்தவர் பொறியாளர் வில்லியம் ஃப்ரூட். படகு தானே எழுப்பும் அலையே அதற்குத் தடையாவதை அவருடைய ஆய்வுகள் அளந்து காட்டின. நீரைத் தொடும் பகுதி நீளமானால் அந்தத் தடை இன்னும் கூடுதல் வேகத்தில்தான் தலைகாட்டும். வழக்கமான கணக்குப்படி, நீர்மட்ட நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் அந்த எல்லை நாட் அளவில் வரும். நீர்மட்டத்தில் 13 அடி உள்ள படகுக்கு அது 4.8 நாட், அதாவது மணிக்குச் சுமார் 9 கிலோமீட்டர். 16 அடிக்கு ஏறத்தாழ 10 கிலோமீட்டர். ஆனால் சாதாரண உடல்வலு உள்ளவர் நாள் முழுக்கத் துடுப்புப் போடும் வேகம் மணிக்கு 5, 6 கிலோமீட்டர்தான். அந்த வேகத்தில் தடையின் பெரும்பகுதி அலையிலிருந்து வருவதில்லை, படகின் தோலை நீர் உரசுவதிலிருந்து வருகிறது. நீளம் குறைந்த படகுக்கு நனையும் பரப்பும் குறைவு என்பதால் நிதானமாகப் போகிறவருக்குச் சிறிய படகே லேசாக ஓடும். நீண்ட படகுக்காரர்களோடு போட்டி போட்டுப் போக வேண்டியிருந்தால் மட்டும் கச்சிதமான படகு மூச்சு வாங்கும். மறுபுறம், பிச்சாவரம் போல அலையாத்திக் காட்டுக்குள் குறுகலாக வளையும் கால்வாய்களில் 17 அடிப் படகைத் திருப்புவது பெரும்பாடு. 12 அடிப் படகு இரண்டு வீச்சில் திரும்பிவிடும்.

அகலத்தில்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். ஏறி உட்கார்ந்ததும் ஆடாமல் நிற்கும் படகு பாதுகாப்பானது என்று தோன்றும். தட்டையான அடிப்புறமும் 28, 30 அங்குல அகலமும் உள்ள படகு அமைதியான குளத்தில் அப்படித்தான் நிற்கும். ஆனால் அது நீர்ப்பரப்போடு ஒட்டிக்கொள்வதால், பக்கவாட்டில் அலை வந்தால் அலையின் சரிவோடு தானும் சரியும். ஓர் அளவுக்கு மேல் சாய்ந்தால் தடுக்க எதுவுமின்றிக் கவிழும். உருண்டையான அல்லது லேசான வி வடிவ அடிப்புறமுள்ள 23 அங்குலப் படகு முதலில் நெளியும். சாயச் சாய, பக்கச் சுவர் நீருக்குள் இறங்கி எதிர்ப்புக் கொடுக்கும். ஆடாமல் நிற்பதை முதல்நிலை உறுதி என்றும், சாயும்போது எதிர்ப்பதை இரண்டாம்நிலை உறுதி என்றும் படகு வடிவமைப்பாளர்கள் பிரிக்கிறார்கள். இந்த நெளிவு ஓரிரு நாளில் உடம்புக்குப் பழகிவிடும். அகலப் படகின் சுமையோ ஒவ்வொரு துடுப்பு வீச்சிலும் இருந்துகொண்டே இருக்கும். குளத்தோடு நிறுத்திக்கொள்ளப் போகிறவரைத் தவிர மற்றவர்கள் 25 அங்குலத்தைத் தாண்டத் தேவையில்லை.

அடுத்தது கொள்ளளவு. ஒவ்வொரு படகுக்கும் அது தாங்கும் அதிகபட்ச எடை குறிக்கப்பட்டிருக்கும். அந்த எடையில் படகு மூழ்காது என்பதற்கு மேல் அதில் பெரிய உறுதி ஒன்றும் இல்லை. படகின் சொந்த எடையைச் சேர்த்துச் சொல்கிற நிறுவனங்களும் உண்டு, சேர்க்காதவையும் உண்டு. ஆளும் சாமானும் சேர்ந்து அந்த எண்ணில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வந்தால் படகு தன் வடிவமைப்புக்கு ஏற்ப நீரில் உட்காரும். 135 கிலோ என்று குறித்த படகை எடுத்துக்கொள்ளலாம். 75 கிலோ ஆளும் 15 கிலோ சாமானும் அதற்குக் கச்சிதம். 95 கிலோ ஆள் 25 கிலோ சாமானோடு ஏறினால் படகு தாழ்ந்து மந்தமாகும், சிறு அலையும் மேல்தட்டில் ஏறி விளையாடும். 48 கிலோ ஆள் கையில் ஒரு தண்ணீர்க் குப்பியோடு ஏறினால் நேர் எதிரான தொல்லை: படகு உயர்ந்து நிற்கும், காற்று அதை இலை போலத் தள்ளிக்கொண்டு போகும், சாய்க்கவும் திருப்பவும் உடம்பில் கனம் போதாது.

இந்த இரண்டாவது தொல்லையைத்தான் கடைக்காரர்கள் அதிகம் கண்டுகொள்வதில்லை. நடுத்தர உயர ஆண்களை மனதில் வைத்து வார்த்த படகுகளில் ஒல்லியானவர்களும் பெண்களும் தொலைந்துபோனாற்போல் உட்கார்ந்து, துடுப்புப் போடத் தங்களுக்கு வராது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். குறை படகினுடையது. அதனால்தான் சில நிறுவனங்கள் ஒரே மாடலைப் பல கொள்ளளவுகளில் செய்கின்றன. டேகர் நிறுவனத்தின் ஸ்ட்ராடோஸ் 12.5 சிறியது, பெரியது என இரண்டு அளவில் வருகிறது. பி அண்ட் ஹெச் நிறுவனம் தன் ஸ்கார்பியோ கடல் கயாக்குக்கு எல்வி, எம்வி, ஹெச்வி என்று குறைந்த, நடுத்தர, அதிகக் கொள்ளளவுகளைக் குறிக்கிறது. மாடலின் பெயரைவிட அதன் பின்னாலுள்ள இந்த எழுத்துகள் முக்கியம்.

இனி உட்கார்ந்து பார்ப்பது. தண்ணீரில் போடும் செருப்பையோ ஷூவையோ அணிந்து, லைஃப் ஜாக்கெட்டையும் மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும். வெறுங்காலில் சரியாக இருந்த படகு ஷூவோடு பாதத்தை நெரிக்கும். பருமனான லைஃப் ஜாக்கெட் உயரமான முதுகுச் சாய்வில் முட்டி ஆளை முன்னால் தள்ளும்.

முதலில் பாதம். குதிகால்கள் நடுக்கோட்டை நோக்கியும், விரல்கள் சற்று வெளிப்பக்கமாகவும் இருக்க, முன்பாதம் கால்மிதியில் பதிய வேண்டும். பெரிய பாதமுள்ளவர்களுக்கு அந்த இடத்தில் மேல்தட்டின் உயரம் போதாமல் போகலாம். மிதியை முன்னும் பின்னும் நகர்த்த முடியும், தட்டை உயர்த்த முடியாது. கால் நீளமானவர்கள் மிதியைக் கடைசிப் பள்ளத்துக்குத் தள்ளியும் முழங்கால் அதிகம் மடங்கினால் அந்தப் படகை விட்டுவிடுவதே நல்லது.

அடுத்து தொடை. முழங்கால்கள் லேசாக மடங்கி, பக்கவாட்டில் விரிந்து, மேல்தட்டின் உட்புறத்திலுள்ள தொடைப்பிடிகளைத் தொட வேண்டும். பாதத்தை அழுத்தினால் தொடை பிடியில் இறுகவும், தளர்த்தினால் விலகவும் வேண்டும். துளையின் நீளம் சுமார் 32 அங்குலத்துக்கு மேல் இருந்தால் உட்கார்ந்த பிறகு முழங்காலை வெளியே எடுக்க முடியும். முட்டிவலி உள்ளவர்களும் வயதானவர்களும் இதை முதலிலேயே சோதிக்க வேண்டும். இடுப்புக்கு இருபுறமும் விரல்கள் செருகும் அளவு இடைவெளி போதும். அதற்கு மேல் இருந்தால், வலது தொடையைத் தூக்கிப் படகைச் சாய்க்க முயலும்போது படகு நகராது, ஆள்தான் இருக்கையில் வழுக்கிப் போவார். இடைவெளி கொஞ்சம் கூடுதலென்றால் நீர் உறிஞ்சாத ஃபோம் துண்டை வெட்டி இருபுறமும் ஒட்டினால் சரியாகிவிடும். இறுக்கமான படகை அகலமாக்க வழியில்லை.

முதுகுச் சாய்வு இடுப்பெலும்புக்கு மேலே, கீழ்முதுகை மட்டும் தாங்கினால் போதும். நாற்காலி போல உயர்ந்த சாய்வு கடையில் சொகுசாக இருக்கும். துடுப்புப் போடுவது உண்மையில் இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்பும் வேலை. அந்தச் சாய்வு அதைக் கட்டிப்போடும், தண்ணீரில் விழுந்து திரும்ப ஏறும்போதும் குறுக்கே நிற்கும். கடைசியாக, துடுப்பைப் பிடிப்பது போலக் கைகளை வீசிப் பார்க்க வேண்டும். உடற்பகுதி குட்டையானவர்களுக்கு மேல்தட்டு உயர்ந்திருந்தால் முழங்கை அகன்று, விரல்முட்டி துளையின் விளிம்பில் உரசும். மாலைக்குள் தோள் வலி எடுக்க இதுவே போதும்.

இப்படியே இருபது நிமிடமாவது அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் தெரியாத மரமரப்பு பதினைந்தாவது நிமிடத்தில் காலில் ஏறும். இருக்கையின் முன்விளிம்பு தொடையின் பின்புறத்தை அழுத்துவதோ, கால்மிதி அதிகம் நெருங்கியிருப்பதோ பெரும்பாலும் காரணமாக இருக்கும். மாற்றியமைத்தும் போகாவிட்டால் அந்த இருக்கை அந்த உடம்புக்கு ஆகாது.

படகின் மற்ற உறுப்புகளில் விட்டுக்கொடுக்கக் கூடாதது, சாமான் அறைகளை உட்காருமிடத்திலிருந்து பிரிக்கும் தடுப்புச் சுவர். முன்னும் பின்னும் இரண்டு இருந்தால்தான் கவிழ்ந்த படகு இரு முனையிலும் காற்றோடு மிதக்கும், நீரை இறைத்துவிட்டு மறுபடி ஏறலாம். சில சிறிய மாடல்களில் பின்னால் மட்டுமே ஒன்று இருக்கும். அவற்றின் முன்பகுதியில் காற்றுப்பை திணித்தாக வேண்டும். பக்கக் காற்றில் ஓடும் கயாக்கின் முன்முனை காற்று வரும் திசைக்கே திரும்பப் பார்க்கும். பின்புறம் கீழிறக்கும் ஸ்கெக் எனப்படும் துடுப்புச்செதில் இதைக் கட்டுப்படுத்தும். சுக்கானும் உதவும், ஆனால் கம்பியும் மிதியுமாகப் பழுதாகும் உறுப்புகள் அதில் அதிகம். 14 அடிக்குள் ஸ்கெக்கே போதுமானது.

பொருளைப் பொறுத்தவரை, பாலிஎத்திலீனில் வார்த்தவை மலிவானவை, பாறையில் உரசினாலும் தாங்குபவை. 22 முதல் 27 கிலோ வரை கனக்கும். சூடாக்கி வடித்த ஏபிஎஸ் தகடுகளும் கண்ணாடியிழையும் சில கிலோ குறைவு, விலை கூடுதல். தனியாக ஓட்டுபவர் படகைத் தனியாகத்தான் கார் மேல் ஏற்றியாக வேண்டும். கடையிலேயே தோளில் தூக்கி இருபதடி நடந்து பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பாலிஎத்திலீனுக்கு வெயில் ஆகாது. சித்திரை வெயிலில் கார் கூரையில் இறுக்கிக் கட்டி நிறுத்தினால் அடிப்புறம் குழிந்துவிடும். நிழலில், பக்கவாட்டில் சாய்த்து வைப்பது நல்லது. அவ்வளவு இடமும் இல்லாதவர்களுக்கு மடக்குக் கயாக் உண்டு. 1907 முதல் ஜெர்மனியின் ரோசன்ஹைம் நகரில் கிளெப்பர் நிறுவனம் செய்துவந்த துணிப்படகுகள் இந்த வகை. ஹான்னஸ் லிண்டமன் என்ற மருத்துவர் 1956-இல் அப்படியொரு படகில் 72 நாளில் அட்லாண்டிக்கைக் கடந்தார்.

தரையில் தேறிய படகைத் தண்ணீரிலும் ஓட்டிப் பார்க்க வேண்டும், முடிந்தால் காற்றுள்ள பிற்பகலில். நேராகப் போகிறதா, சாய்த்தால் பிடிகொடுக்கிறதா, காற்றுக்குக் குறுக்கே எவ்வளவு முரண்டுபிடிக்கிறது என்பதெல்லாம் கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும். பக்கத்தில் பழகியவர் ஒருவர் இருக்க, இடுப்பளவு நீரில் வேண்டுமென்றே கவிழ்ந்து வெளியே வந்தும் பார்க்க வேண்டும். பழைய படகு என்றால் பின்னறையில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிச் சாய்த்தால் தடுப்புச் சுவரின் கசிவு வெளியே வந்துவிடும். மூடிகளின் ரப்பர் வெடித்திருக்கிறதா என்றும் தடவிப் பார்க்கலாம். 23, 24 அங்குலப் படகுக்கு 210 முதல் 220 செ.மீ. துடுப்பு பெரும்பாலானவர்களுக்குச் சரியாக வரும்.

இரண்டு படகுகள் எல்லா வகையிலும் சமமாகப் பொருந்தினால் சிறியதை எடுக்கலாம். மிச்சமாகும் பணத்தை எடை குறைந்த துடுப்புக்கும், உடம்போடு ஒட்டி நிற்கும் லைஃப் ஜாக்கெட்டுக்கும் செலவிடுவது நல்லது.